காற்று மெத்தை புராணம்

குரு இல்லாதவனுக்கு வித்தை கிடையாது, முதல் இல்லாதவனுக்கு லாபம் கிடையாது என்று நம் பெரியவர்கள் ஒரே மூச்சில் சொல்லி வைத்தார்கள். இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கலாம் என்பது மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை. அது ஓர் அமெரிக்கருக்குத் தோன்றியது. கொஞ்சம் பணம், கொள்ளைப் புத்திமதி, பதிலுக்குக் கம்பெனியில் நூற்றுக்கு ஆறு பங்கு. இன்றைக்குக் கைபேசியைத் திறந்தால் ‘ஆன்லைனில் கடை போட்டு மாதம் பத்து லட்சம் பாருங்கள், பயிற்சிக் கட்டணம் 499 மட்டும்’ என்று குறுக்கே வந்து நிற்கும் பிசினஸ் கோச்சுகள், பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் இரண்டு பையன்கள், மூன்று காற்று மெத்தைகள், ஒரு வாத்தியார் என்று ஒரு கதையை எடுத்துவிடுவார்கள். அவர்கள் சொல்லும் கதையில் எல்லாரும் ஞானிகள். நடந்த கதையில் அப்படி யாரும் தட்டுப்படவில்லை.

வாத்தியாரிலிருந்து தொடங்குவோம். அவரும் ஒரு காலத்தில் மாணவர்தான். அதுவும் கடைசி பெஞ்சு.

வருடம் 1995. பால் கிரஹாம் ஹார்வர்டில் கம்ப்யூட்டர் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். வாங்கிய கையோடு, எனக்கு இது வேண்டாம், நான் ஓவியன் ஆகப்போகிறேன் என்று ரோட் ஐலண்டில் ஓர் ஓவியக் கல்லூரிக்கும் பிறகு ஃபுளோரன்ஸுக்கும் போய்ச் சேர்ந்தவர். வங்கியில் ஆயிரம் டாலர் சொச்சம் இருந்தது. அரசாங்கத்துக்கு வைத்திருந்த வரி பாக்கி அதைவிடக் கூடுதல். ஆக, மொத்த ஆஸ்தி பூஜ்யத்துக்கும் கீழே. இதை அவரே பின்னால் எழுதியிருக்கிறார், ஒளிவுமறைவு கிடையாது. இந்த நிதி நிபுணர்தான் பிற்பாடு ஊருக்கெல்லாம் தொழில் சொல்லிக்கொடுத்தார்.

கூட்டாளி ராபர்ட் மாரிஸ். 1988இல் மாணவராக இருந்தபோது இணையத்தில் ஒரு புழுவை அவிழ்த்துவிட்டு ஆயிரக்கணக்கான கணினிகளை மூச்சுத் திணற வைத்தவர். கணினி மோசடிச் சட்டத்தின் கீழ் அமெரிக்க ஜூரி குற்றவாளி என்று கைகாட்டிய முதல் ஆள் அவர்தான். மூன்று வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரம் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். அந்த 50 டாலர் எதற்கு என்று நீதிபதியைத்தான் கேட்க வேண்டும். அப்பா அப்போது அமெரிக்க அரசாங்கத்தின் கணினிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி. வீட்டில் இரவுச் சாப்பாடு எப்படி நடந்திருக்கும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

இந்த இருவரும் முதலில் கண்டுபிடித்த தொழில், ஓவியக் கூடங்களை இணையத்தில் ஏற்றுவது. கூடக்காரர்களிடம் போய்ச் சொன்னார்கள். வேண்டாம் என்றார்கள். காசே வேண்டாம், இலவசமாகச் செய்து தருகிறோம் என்றார்கள். அப்போதும் அநேகம் பேர் வேண்டாம் என்றார்கள். முதலில் போய்க் கேட்டுவிட்டுப் பிறகு உட்கார்ந்து மென்பொருள் எழுதியிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். படித்தவர்களுக்கு அது தோன்றாது. அப்புறம்தான் யார் வேண்டுமானாலும் பிரௌசரிலேயே ஒரு கடை கட்டிக்கொள்ளலாம் என்ற யோசனை வந்து, வியாவெப் என்ற கம்பெனி பிறந்தது.

பணத்துக்கு எங்கே போவது? கிரஹாம் ஹார்வர்டில் ஐடெல் வெபர் என்ற ஓவியரின் வகுப்பில் போய் உட்கார்ந்து பழக்கமானவர். அவருடைய கணவர் ஜூலியன் வெபர் 10,000 டாலர் கொடுத்தார். கம்பெனி பதிவு செய்யும் சட்ட வேலையையும் பார்த்துக் கொடுத்தார். வியாபாரம் என்றால் என்னவென்று அவ்வப்போது உட்கார்த்தி வைத்துச் சொல்லவும் செய்தார். எல்லாவற்றுக்கும் சேர்த்து 10 சதவீதப் பங்கு. சிலிக்கான் பள்ளத்தாக்கின் மகா பெரிய பயிற்சிப் பட்டறைக்கு மூலப்பிரதி, டீச்சர் வீட்டுக்காரர் போட்ட இந்த ஒப்பந்தம்தான்.

1996 ஜனவரியில் 6 கடைகளோடு திறப்புவிழா. கடைக்காரர்கள் தாங்களே கட்டிக்கொள்வார்கள் என்பதுதான் திட்டம். அவர்கள் கட்டவில்லை. எனவே டாக்டர் கிரஹாமே உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் கட்டிக்கொடுத்தார். ஓர் ஆண்கள் சட்டைக் கடை. அந்தக் காலத்தில் திரையில் போடும் படம் ரொம்பச் சின்னது. முழுச் சட்டையைக் காட்டினால் என்ன துணி, என்ன தையல் என்று ஒன்றும் புரியாது. காலரை மட்டும் கிட்டத்தில் காட்டினால் சட்டை பளிச்சென்று இருக்கும். இந்த உண்மை தெரியவருவதற்குள் சுமார் 30 சட்டைகளை முழுசாக ஸ்கேன் செய்து முடித்திருந்தார். எல்லாவற்றையும் திரும்ப எடுத்து, காலர் காலராக ஸ்கேன் செய்தார். முதலில் எடுத்தவை எவ்வளவு அழகாக இருந்தன தெரியுமா என்று கால் நூற்றாண்டு கழித்து எழுதும்போதும் அவருக்கு ஆறவில்லை. பட்டப்படிப்பில் யாரும் சொல்லித்தராத பாடம். இந்தக் காலரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நியூயார்க்கில் வேலைக்கு ஆகும்.

1998இல் யாஹூ இந்தக் கடைக்கடையைச் சுமார் 4 கோடியே 90 லட்சம் டாலர் மதிப்புக்கு வாங்கிக்கொண்டது. வரி பாக்கி தீர்ந்திருக்கும் என்று நம்புவோம்.

2005 மார்ச்சில் கிரஹாம், அவருடைய காதலி ஜெசிக்கா லிவிங்ஸ்டன், புழுப் புகழ் மாரிஸ், வியாவெப்பில் கூட இருந்த ட்ரெவர் ப்ளாக்வெல் ஆகிய நால்வரும் ஒய் காம்பினேட்டர் என்ற கடையைத் திறந்தார்கள். ஜூலியன் வெபரின் ஒப்பந்தத்தோடு எம்.ஐ.டி. மாணவர்களின் கோடை உதவித்தொகையைக் கலந்தார்கள்: கம்பெனி தொடங்க வருகிறவர்களுக்குத் தலைக்கு 6,000 டாலர். செவ்வாய்க்கிழமை தோறும் எல்லாருக்கும் சாப்பாடு. சமையல் கிரஹாம். பெரிய மின்சாரப் பாத்திரங்களில் மணிக்கணக்கில் கொதித்த அந்தக் குழம்புக்கு இன்ன பெயர் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதைச் சாப்பிட்டு எழுந்தவர்களுக்கு உலகத்தில் எதையும் தாங்கும் மனசு வந்தது என்பது என் சொந்த ஆராய்ச்சி.

வாத்தியாருக்கு எதிர்காலத்தைப் பார்க்கும் ஞானக்கண் உண்டு என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. முதல் அணியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீவ் ஹஃப்மன், அலெக்ஸிஸ் ஒஹானியன் என்று இரண்டு மாணவர்கள், கைபேசியிலிருந்து ஹோட்டலுக்கு ஆர்டர் கொடுக்கும் யோசனையோடு வந்தார்கள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். இன்றைக்கு நம் தெருவில் சிவப்புச் சட்டையும் ஆரஞ்சுச் சட்டையும் போட்டுக்கொண்டு பைக்கில் பறக்கும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நிராகரிப்பு நினைவுக்கு வரும். மறுநாள் மனசு கேட்காமல், ரயிலில் ஊர் திரும்பிக் கொண்டிருந்தவர்களுக்குப் போன் போட்டு, உங்கள் யோசனை வேண்டாம், நீங்கள் வேண்டும், வேறு ஏதாவது செய்யலாம் வாருங்கள் என்றார். அப்படிப் பிறந்தது ரெட்டிட். ஆரம்பத்தில் அங்கே ஆளே இல்லை; முதலாளிகள் இருவரும் பல பெயர்களில் தாங்களே எழுதிப் போட்டுக் கூட்டம் இருப்பதாகக் காட்டினார்கள். புதுப்படத்துக்கு முதல் காட்சியில் சொந்தக்காரர்களைக் கொண்டுவந்து உட்காரவைக்கும் உத்தியை அமெரிக்காவுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

அதே அணியில் ஜஸ்டின் கான், எம்மெட் ஷியர் இருவரும் கிகோ என்ற இணைய நாட்காட்டி செய்தார்கள். கூகுள் தன் நாட்காட்டியை விட்டதும் இவர்களுடையது கிழிந்தது. சோர்ந்து உட்காராமல் கம்பெனியையே ஈபேயில் ஏலத்துக்கு விட்டு 2,58,100 டாலர் பார்த்தார்கள். பழைய சைக்கிள் விற்கிற இடத்தில் கம்பெனி விற்ற பெருமை அவர்களைச் சேரும். அடுத்து, தலையில் கேமரா மாட்டிக்கொண்டு 24 மணி நேரமும் என் வாழ்க்கையை ஒளிபரப்பப்போகிறேன் என்று ஜஸ்டின் வந்து நின்றார். நீ முட்டாளாவதை வேடிக்கை பார்க்கவாவது பணம் தரலாம் என்கிற ரீதியில் குருமார்கள் தரப்பிலிருந்து பதில் வந்ததாம். அந்த வேடிக்கைதான் வளைந்து நெளிந்து ட்விட்ச் ஆகி, 2014இல் அமேசானுக்கு 97 கோடி டாலருக்குப் போனது. குருவின் தீர்க்கதரிசனம் என்று இதை வகுப்பில் சொல்லுகிறார்கள். வேடிக்கை பார்க்க வந்த இடத்தில் லாட்டரி விழுந்தது என்று நான் சொல்லுவேன்.

ஜஸ்டினின் கம்பெனியை நடத்தியவர் மைக்கேல் சைபல். நம் காற்று மெத்தைக்காரர்களுக்கு முதல் கோச் இவர்தான். கோச்சுகள் சொல்லும் கதையில் இவர் பெயர் பெரும்பாலும் விட்டுப்போகும்.

2007 அக்டோபர். சான் பிரான்சிஸ்கோ, ராஷ் தெரு. ப்ரையன் செஸ்கி, ஜோ கெபியா. இருவரும் டிசைன் படித்தவர்கள். கிரஹாம் ஓவியம் படிக்கப் போனாரே, அதே ரோட் ஐலண்டு கல்லூரி. இருவருக்கும் வேலை இல்லை. வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார். செஸ்கியின் பங்கு 1,150 டாலர், கையில் 1,000. ஊரில் டிசைன் மாநாடு, ஹோட்டலில் இடமில்லை. கெபியாவிடம் முகாமுக்குப் போகும்போது வாங்கிய மூன்று காற்று மெத்தைகள் இருந்தன. ஊதி, கூடத்தில் போட்டு, காலைச் சாப்பாடும் தருகிறோம் என்று ஒரு வலைத்தளம் போட்டார்கள். ராத்திரிக்கு 80 டாலர். மூன்று பேர் வந்து தங்கினார்கள். அதில் ஒருவர் இந்திய மாணவர். நம்மாட்கள் சிக்கனமான இடத்தை எப்படியும் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

நேதன் ப்ளெச்சார்ஸிக் என்ற ஹார்வர்ட் புரோகிராமர் சேர்ந்ததும் மூவர் அணி ஆயிற்று. 2008 மார்ச், ஆஸ்டின் நகரில் பெரிய விழா. அதற்காகவே தளத்தைப் புதுப்பித்து மறுபடி திறந்தார்கள். மொத்தம் இரண்டு பேர் பதிவு செய்தார்கள். அதில் ஒருவர் செஸ்கி. மாப்பிள்ளையே மொய் எழுதிக்கொண்ட கதை.

ஆனால் ஆஸ்டினில் சைபல் கிடைத்தார். வயதில் இவர்களை ஒட்டியவர். வாராவாரம் என்ன செய்தீர்கள் என்று கேட்பார், இவர்கள் போய் ஒப்பிப்பார்கள். அந்த ஜூன் மாதம் ஏழு பெரிய முதலீட்டாளர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார். கம்பெனிக்கு 15 லட்சம் டாலர் மதிப்பு. ஒன்றரை லட்சம் கொடுத்தால் 10 சதவீதம் உங்களுக்கு. ஐந்து பேர் நாகரிகமாக வேண்டாம் என்று எழுதினார்கள். இரண்டு பேர் பதிலே போடவில்லை. வேறொருவர் பாலோ ஆல்டோவில் ஒரு காபிக் கடையில் சந்தித்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்விட்டார், குடித்துக்கொண்டிருந்த ஸ்மூதி பாதி அப்படியே மேஜைமேல் இருந்தது. பாத்ரூம் போயிருக்கிறாரா, நிரந்தரமாகப் போய்விட்டாரா என்று தெரியாமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நிலைமை எதிரிக்கும் வரக்கூடாது.

நியாயமாகப் பார்த்தால் அந்த முதலீட்டாளர்களைக் குறை சொல்ல முடியாது. முன்பின் தெரியாத ஆளை வீட்டுக் கூடத்தில் படுக்கவைத்துக் காசு வாங்குங்கள் என்று யாராவது நம்மிடம் வந்து சொன்னால் நாமும் ஸ்மூதியை விட்டுவிட்டுத்தான் ஓடுவோம்.

ஆகஸ்டில் டென்வரில் ஜனநாயகக் கட்சி மாநாடு. ஒபாமாவின் பேச்சை 80,000 பேர் கொள்ளும் மைதானத்துக்கு மாற்றியதும் ஊரில் ஹோட்டல் அறை அத்தனையும் தீர்ந்தது. மெத்தைக்காரர்களுக்கு அந்த வாரம் சுமார் 80 பேர். மாநாடு முடிந்ததும் மறுபடி ஈ ஓட்டம். வாரத்துக்கு ஒரு கட்சி மாநாடு நடந்தால் பிழைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் அந்த வசதி இல்லை. கடன் அட்டைகள் முட்ட முட்ட நிரம்பின. பேஸ்பால் வீரர் படங்களைச் சொருகி வைக்கும் ஆல்பம் ஒன்றில் அந்த அட்டைகளை வரிசையாகச் சொருகி வைத்திருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் சீரியல் வருகிறது. சாப்பிடுகிற சீரியல். தேர்தல் சூடாக இருந்த நேரம். ‘ஒபாமா ஓஸ்’, ‘கேப்டன் மெக்கெய்ன்ஸ்’ என்று இரண்டு பெட்டி வரைந்தார்கள். வகைக்கு 500 அட்டை அச்சாகி வந்தது. சூடான பசைத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து ஆயிரம் பெட்டிகளையும் கையால் மடித்து ஒட்டினார்கள். உள்ளே சாதாரணக் கடைச் சீரியல். விலை பெட்டி 40 டாலர். செஸ்கியின் அம்மா, அப்படியானால் நீ இப்போது சீரியல் கம்பெனியா என்று கேட்டாராம். அம்மாக்களுக்கு எந்த இடத்தில் கை வைத்தால் வலிக்கும் என்று எந்த நாட்டிலும் தெரியும். ப்ளெச்சார்ஸிக் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஒபாமா விற்றுத் தீர்ந்தார். சுமார் 30,000 டாலர் வந்தது. மெக்கெய்ன் மிச்சமாகிவிட, பல நாள் காலைச் சாப்பாடு அவரே.

ஒரு வருடம் முன்னால் அடுத்தவருக்குக் காலைச் சாப்பாடு போடுகிறோம் என்று தொடங்கியவர்கள்.

ஒய் காம்பினேட்டரில் போய்ச் சேருங்கள் என்று சைபல் சொன்னபோது விண்ணப்பத் தேதி முடிந்திருந்தது. அவரே பேசி, நள்ளிரவுக்குள் அனுப்பினால் பார்க்கிறேன் என்று கிரஹாமிடம் சம்மதம் வாங்கினார். அதே 2008 அக்டோபரில் செக்கோயா என்ற பெரிய முதலீட்டு நிறுவனம் தன் கம்பெனிகளை எல்லாம் கூப்பிட்டு, நல்ல காலம் முடிந்தது என்று கல்லறைப் படம் போட்டுக் காட்டியிருந்தது. அப்படிப்பட்ட சுபமுகூர்த்தத்தில் நேர்காணல்.

கிரஹாமுக்கு யோசனை அறவே பிடிக்கவில்லை. ஜனங்கள் நிஜமாகவே இப்படிப் போய்த் தங்குகிறார்களா, அவர்களுக்கு என்ன கேடு என்கிற அளவுக்குக் கேட்டார். பத்து நிமிடம் போல நடந்து முடிகிற நேர்காணல். எழுந்து கிளம்பும்போது கெபியா பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார். கொண்டுவராதே என்று ப்ளெச்சார்ஸிக் தலைபாடாய் அடித்துக்கொண்ட அதே சீரியல். வாத்தியார் முதலில் ஏதோ பரிசு என்று நினைத்தார். கதையைக் கேட்டதும் முகம் மாறியது. நாலு டாலர் சரக்கை நாற்பதுக்கு விற்கத் தெரிந்தவன் எப்படியும் சாகமாட்டான் என்பது அவர் கணக்கு. கரப்பான்பூச்சி என்ற பட்டத்தை அவர் தந்தது இந்த அர்த்தத்தில்தான், பாராட்டாக.

திரும்பி வரும் வழியில் நெடுஞ்சாலையில் செஸ்கியின் போன் அடித்தது. கிரஹாம். எடுத்த எடுப்பில் உங்களை எடுத்துக்கொள்ள ஆசை என்று ஆரம்பித்தார், சிக்னல் போய்விட்டது. சேர்கிறேன் என்று உடனே பதில் சொல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்கு என்பது அங்கே விதி. சான் பிரான்சிஸ்கோ வந்து சேரும்வரை அந்தக் காருக்குள் நடந்த பிரார்த்தனைகளில் ஏதோ ஒன்று பலித்து, போன் மறுபடி வந்தது. 20,000 டாலர், 6 சதவீதம்.

2009 ஜனவரி முதல் மௌன்டன் வியூவில் மூன்று மாதப் பயிற்சி. வாத்தியார் கொடுத்த முதல் வீட்டுப்பாடம்: நூடுல்ஸ் சாப்பிட்டு உயிர்வாழும் அளவுக்காவது லாபம் பாருங்கள். வாரத்துக்கு 1,000 டாலர். கோடு மேலே ஏறுகிற மாதிரி ஒரு வரைபடம் போட்டுக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டினார்கள். பல் தேய்க்கும்போது அதுதான் முகத்துக்கு நேரே. ஆனால் நிஜ வசூல் வாரத்துக்கு 200 டாலரைச் சுற்றியே கிடந்தது.

அடுத்து நடந்த பேச்சுதான் இந்தப் புராணத்திலேயே உருப்படியான கட்டம். உங்கள் வாடிக்கையாளர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கிரஹாம் கேட்டார். ரொம்பப் பேர் இல்லை. இருக்கிற கொஞ்சம் பேர் நியூயார்க்கில். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? இங்கே, மௌன்டன் வியூவில். அப்புறம் இங்கே என்ன செய்கிறீர்கள்?

அவ்வளவுதான். எந்தப் பலசரக்குக் கடை அண்ணாச்சியும் காசு வாங்காமல் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. அதற்கு 6 சதவீதமா என்று எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் ஹார்வர்ட்காரர் உட்பட மூன்று பேர் ஒரு வருடத்துக்கும் மேலாக அந்தக் கேள்வியைத் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளவில்லை.

செஸ்கியும் கெபியாவும் வாராவாரம் நியூயார்க்குக்குப் பறந்தார்கள். ப்ளெச்சார்ஸிக் ஊரில் இருந்து மென்பொருள் எழுதினார். அங்கே போய்ப் பார்த்தால், வீடெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, படம்தான் கண்றாவி. கைபேசியில் இருட்டில் எடுத்த மூலைகள், கட்டிலின் ஒரு கால், யாருடைய விரலோ பாதி. பார்ப்பவனுக்கு அது வாடகை வீடா, குற்றம் நடந்த இடமா என்று சந்தேகம் வரும். நல்ல கேமரா ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். உங்கள் வீட்டுக்குப் புகைப்படக்காரரை இலவசமாக அனுப்புகிறோம் என்று வீட்டுக்காரர்களுக்குத் தகவல் கொடுத்தார்கள். கதவைத் திறந்தால் கேமராவோடு நிற்பவர் கம்பெனி முதலாளி. பனியில் பூட்ஸ் நனைய வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். படம் மாறியதும் வாரம் 200 என்பது 400 ஆயிற்று. சட்டைக் காலர் ஸ்கேன் செய்த மனுஷன் அனுப்பிய ஆட்கள், கடைசியில் படத்தை மாற்றித்தான் பிழைத்தார்கள். படத்தை மாற்று என்று அவர் சொல்லி அனுப்பவில்லை. போய்ப் பார் என்றுதான் சொன்னார்.

போன இடத்தில் வேறு சரக்கும் கிடைத்தது. ஒரு வீட்டுக்காரர், உங்கள் தளத்தில் என்னென்ன சரியில்லை என்று பக்கம் பக்கமாக எழுதிய குறிப்புக் கட்டு ஒன்றை உள்ளேயிருந்து எடுத்துவந்து கையில் கொடுத்தாராம். நம் ஊரில் அப்படி ஒருவர் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தால் செருப்பைத் தேடுவோம். செஸ்கி வாங்கிப் படித்தார், அது அடுத்த சில மாத வேலைப்பட்டியல் ஆயிற்று.

அதுவரை கம்பெனியில் சாஸ்திரம் ஒன்று இருந்தது: காற்று மெத்தை கட்டாயம், காலைச் சாப்பாடு கட்டாயம், வீட்டுக்காரர் உள்ளே இருப்பது கட்டாயம். ஒருவர் என்னிடம் நிஜக் கட்டிலே இருக்கிறது, தரலாமா என்று கேட்டார். தரலாம், ஆனால் கட்டிலின் மேல் ஒரு காற்று மெத்தையை ஊதிப் போடுங்கள் என்று பதில் போயிற்று. கொள்கைப் பிடிப்பு என்றால் இது. பாடகர் பேரி மேனிலோவின் டிரம்மர், நான் கச்சேரிக்கு வெளியூர் போகிறேன், முழு வீட்டையும் விடலாமா என்று கேட்டபிறகுதான் அந்த ஆசாரம் உடைந்தது. மெத்தை போயிற்று, சாப்பாடு போயிற்று, நீளமாக இருந்த கம்பெனிப் பெயரும் ஏர்பிஎன்பி என்று சுருங்கிற்று. வேடிக்கை என்னவென்றால், 2023 செப்டம்பரில் அதே நியூயார்க் நகரம் ஒரு சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது: 30 நாளுக்குக் குறைவாக யாரையும் தங்கவைத்தால் வீட்டுக்காரர் உள்ளேயே இருக்க வேண்டும், விருந்தாளி இரண்டு பேருக்கு மேல் கூடாது. காற்று மெத்தையை மட்டும்தான் மாநகராட்சி கேட்கவில்லை.

பயிற்சி முடியும் சமயம் கல்லறைப் படம் காட்டிய செக்கோயாவிலிருந்தே கிரெக் மெக்கடூ வந்தார். இந்த அணியில் மனஉறுதி மிக்கவர்கள் யார் என்று கேட்டார். அதோ, சீரியல்காரர்கள் என்று கிரஹாம் கைகாட்டினார். மெக்கடூ விடுமுறை வீட்டு வாடகைத் தொழிலை வெகு காலமாக அலசிப் படித்துவைத்திருந்த ஆள். அது எவ்வளவு பெரிய சந்தை என்று வாத்தியாருக்கும் தெரியாது, மாணவர்களுக்கும் தெரியாது; பணம் கொடுக்க வந்தவருக்குத் தெரிந்திருந்தது. 5,85,000 டாலர் கொடுத்தார். நியூயார்க்கின் பிரபல முதலீட்டாளர் ஃப்ரெட் வில்சனிடமும் கிரஹாம் மன்றாடிப் பார்த்தார். காற்று மெத்தை எப்படி ஹோட்டல் ஆகும் என்று அவருக்கு விளங்கவில்லை, விட்டுவிட்டார். பிறகு தன் அலுவலகக் கூட்ட அறையில் ஒபாமா ஓஸ் பெட்டி ஒன்றைக் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டார். 2020 டிசம்பர் 10 அன்று பங்குச் சந்தையில் ஏர்பிஎன்பி 146 டாலரில் திறந்து, கம்பெனி மதிப்பு 10,000 கோடி டாலரைத் தொட்டபோது அந்தப் பெட்டியைப் பார்க்க அவருக்கு எப்படி இருந்ததோ. முதலில் வேண்டாம் என்று எழுதிய ஐந்து பேரின் கடிதங்களையும், எழுதியவர் பெயரை மறைத்து, செஸ்கி ஊரறியப் போட்டது 2015இல்.

பெரிய ஆளானதும் செஸ்கிக்கு குருமார் பசி வந்துவிட்டது. ஆப்பிளுக்கு ஒருவர், டிஸ்னிக்கு ஒருவர் என்று துறைக்கு ஒரு ஜாம்பவானைத் தேடிப் போனார். ஒமாஹாவில் வாரன் பஃபெட்டோடு மதியச் சாப்பாடு. முடிந்து விமான நிலையத்துக்கு வந்தவர், மறந்துபோவதற்குள் எழுத வேண்டும் என்று அங்கேயே உட்கார்ந்து 4,000 வார்த்தை எழுதித் தன் ஆட்களுக்கு அனுப்பினார். ஒரு சாப்பாட்டுக்கு 4,000 வார்த்தை. செவ்வாய்க்கிழமைக் குழம்புக்கு யாரும் இவ்வளவு எழுதியதாகத் தெரியவில்லை. அந்தக் குழம்பு வைத்தவர் கேட்ட கேள்விக்கு நாலைந்து வார்த்தைதான்.

இத்தனை புத்திமதியும் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை அவரே 2024இல் ஒய் காம்பினேட்டர் கூட்டம் ஒன்றில் சொன்னார். நல்ல ஆட்களை வேலைக்கு எடு, அவர்கள் வழியில் விடு, தலையிடாதே என்று பெரியவர்கள் எல்லாரும் ஒரே ராகத்தில் சொன்னார்கள், அப்படியே செய்தேன், கம்பெனி நாசமாகப் பார்த்தது. பிறகு மூக்கை நுழைத்துத்தான் மீண்டேன் என்றார். கூட்டத்தில் இருந்த மற்ற முதலாளிகளும் எங்களுக்கும் இதே உபதேசம், இதே கதி என்று எழுந்தார்கள். கீழே உட்கார்ந்து கேட்டவர்களில் ஒருவர் பால் கிரஹாம். அப்பனுக்கே பாடம் சொன்ன பிள்ளை சுவாமிமலையில் குன்றின்மேல் நிற்கிறார்; இங்கே மைக் பிடித்துக்கொண்டு நின்றார். வாத்தியார் வீட்டுக்குப் போய் அந்தச் செப்டம்பரில் ‘ஃபவுண்டர் மோட்’ என்று ஒரு கட்டுரை எழுதினார். உலகத்து முதலாளிகள் எல்லாம் அதைப் படித்தார்கள்.

அப்படி என்னதான் உபதேசம் என்றால், அங்கேதான் சிக்கல். அந்தப் பேச்சில் மயங்கி, ரான் கான்வே என்ற பழுத்த முதலீட்டாளர் வாழ்க்கையில் முதல்முறையாகக் குறிப்பெடுக்க மறந்துவிட்டார் என்று கிரஹாம் எழுதுகிறார். இந்த ஃபவுண்டர் மோட் இன்னதென்று தனக்கே இன்னும் முழுசாகத் தெரியாது, அதைப் பற்றிப் புத்தகம் கிடையாது, பிசினஸ் ஸ்கூல்காரர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றும் அதே கட்டுரையில் சொல்லிவிடுகிறார். அதனால் என்ன? கட்டுரையைப் படித்த பல முதலாளிகள் மறுநாள் காலையிலேயே ஊழியர்களின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, பட்டனின் நிறத்தை மாற்றச் சொன்னார்கள்.